பிள்ளை மடுவத்து வலை இஸ்தோப்பு

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் முதலில் காகிதத்தில் செய்தாக வேண்டும். கோடு போட்டு முடித்ததும் வேலையே முடிந்துவிட்டதுபோல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொள்கிறார்கள். காகிதத்தில் மழை பெய்யாது. காகிதத்தில் ஆட்கள் வந்து உட்காரவும் மாட்டார்கள். இதைச் சொன்னால், கிழவனுக்கு வேறு வேலையில்லை என்பார்கள். வேலை இருப்பதால்தான் சொல்கிறேன். அவர்கள் போட்ட கோட்டுக்கு ஆணி அடிப்பவன் நான்தான்.

ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்துக்கு இஸ்தோப்பு, அதாவது முன்தாழ்வாரம், கட்டியதும் அப்படித்தான் ஆரம்பித்தது. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகைதான் பிள்ளை மடுவம். ஒரே ஒரு அறை. உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ராக்காயி அவற்றை ஆட்டிக்கொண்டிருப்பாள். காலையில் பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தாய்மார் மலையிலிருந்து ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவார்கள். மடுவத்துக்குக் கீழே நாற்பதடி தூரத்தில் மாட்டுப்பட்டி. யார் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்கள் வீட்டுப் பிள்ளை அங்கே படுத்ததில்லை.

போன மழைக்காலத்தில் மடுவத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. பதினாலு நாளில் மூன்று பிள்ளைகள் போயின. அதில் ஒன்று என் மகள் மீனம்மாவின் பையன். ஐந்து மாதம். அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வருஷம் அவளுக்குப் பெண் பிறந்தது. பூரணி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் கங்காணி லயத்து வீட்டு வாசலில் வந்து நின்று, அடுத்த மாதம் முதல் தேதி அவள் மலைக்கு வராவிட்டால் செக்ரோலில், சம்பளப் பேரேட்டில், அவள் பேரை வெட்டிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சோலைமலை, என் மருமகன், ஒருத்தன் சம்பளத்தில் நாலு வயிறு. மீனம்மாதான் பேசினாள்.

"அந்த மடுவத்துல எம் புள்ளைய விடமாட்டேன். பேர வெட்டுனா வெட்டட்டும். இன்னொன்னையும் ஈக்குக் குடுத்துட்டு வந்து நான் கொழுந்தெடுக்கணுமாக்கும்."

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முழு டாக்டர் இல்லை. தோட்டத்து மருந்து அறையில் மருந்து கலந்து கொடுப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், தம்பிராசா என்று பெயர். வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரும் சொல்வதால் ஒருவன் நல்லவனாகிவிடுவானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் தச்சு பாஸோடு முப்பது வருஷம் பலகை தூக்கியவன் நான். பாஸ் வேலையை விட்டுப் போன பிறகு உளியும் சுத்தியலும் என்னிடம் நின்றுவிட்டன.

மருந்து அறை மேசையில் ஒரு காகிதம் விரித்திருந்தது.

"மூக்கன், இஞ்சை வாரும்," என்றார். "துரை ஓம் எண்டிட்டார். மடுவத்துக்கு முன்னாலை இஸ்தோப்பு எடுக்கப் போறம். சுத்திவர ஈ வராத கம்பி வலை. மேலை தகரம். பதினெட்டடி நீளம், எட்டடி அகலம்."

"ஏன் எட்டடிங்க?"

"துரை ஒரு சுருள் வலைதான் தந்தவர். மூண்டடி அகலம், எழுபதடி நீளம். ஆறடி உயரத்துக்கு ரெண்டு வரிசை ஓடவேணும். அப்ப சுத்தளவு முப்பத்தஞ்சடிக்கு மேலை போகேலாது. எட்டும் பதினெட்டும் எட்டும் எத்தினை?"

முப்பத்துநாலு. அதைக் காகிதம் இல்லாமலே நானும் போட்டுவிட்டேன். கணக்குச் சரிதான். மனுஷன் மேல் இருந்த சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது.

காகிதத்தில் நீள்சதுரத்துக்குள் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் போட்டிருந்தார். பன்னிரண்டு கட்டில்கள், இரண்டு வரிசை. மூலையில் கை கழுவ ஒரு மேசை. பாற்போத்தல் வைக்க அலுமாரி. கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி ஒன்று.

"இது யாருக்குங்க?"

"எனக்கு. பிள்ளையளைப் பார்க்க வரேக்கை இருக்க."

"தாய்மாருங்க எங்க ஒக்காருவாங்க?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதில் தாய்மார் இல்லை.

"பத்து நிமிஷ அலுவல்தானே காணும். நிண்டு குடுக்கட்டும்."

"நின்னுக்கிட்டா? ஒரு மைல் ஏறி எறங்கி வர்றவளுங்க. மாடு மாதிரி நின்னு குடுக்கவாங்க?"

மருந்து அறை வாசலில் காத்திருந்த காளியாயி, கையில் வெட்டுக்காயத்தோடு வந்தவள், சிரித்துவிட்டாள். "மாடு கூட படுத்துத்தான் அசை போடுது, மூக்கண்ணே," என்றாள். டாக்டர் ஐயா அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள், நிறுத்தவில்லை.

காகிதத்தில் பேசி ஆகாது என்று நான் அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மடுவத்துக்கு ஒரு கட்டுக் குச்சியோடு போனேன். தாய்மார் வந்தார்கள். இருபது பேர். எப்போதும் உட்கார்கிற இடத்தில், மடுவத்து முன்சுவரோரம், வெளியே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். முதுகில் இருந்த கூடையை இறக்கிப் பக்கத்தில் வைத்தார்கள். கொழுந்தைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைக்க மாட்டார்கள். அடுத்தவள் இரண்டு கை அள்ளிப் போட்டுக்கொள்வாள் என்ற பயம். நான் ஒவ்வொருத்தியும் கூடையும் பிடித்த இடத்தைச் சுற்றிக் குச்சி அடித்துக்கொண்டே வந்தேன்.

"என்னண்ணே, எங்கள உயிரோட பொதைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"அசையாம இரு புள்ள. அளவு தப்பிப்போகும்."

"இவ ஒருத்திக்கே ரெண்டாளு அளவு வேணும். சேத்து அடிங்க."

அவர்கள் எழுந்து போன பிறகு டாக்டர் ஐயா வந்து குச்சிகளைப் பார்த்தார். கயிறு போட்டு அளந்தார். கட்டில்களே இல்லாமல் பெண்களுக்கு மட்டும் இருபத்துநாலடிக்குப் பத்தடி வந்தது. அவர் ஈரத்தில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

"வலை காணாது," என்றார் கடைசியில்.

"அப்ப கட்டில எடுங்க."

அதற்குப் பிறகு மூன்று நாள் இரண்டு பேரும் மாறி மாறி இழுத்தோம். பன்னிரண்டு கட்டில் நாலாயிற்று. அவை வயிறு சரியில்லாத பிள்ளைகளுக்கு மட்டும். மற்றப் பிள்ளைகள் உள்ளே தொட்டிலில். உள்ளே போக இஸ்தோப்பு வழியாகத்தான் போக வேண்டும், அறையின் ஒரே ஜன்னலையும் மிச்ச வலையால் மூடுவது என்று முடிவாயிற்று. கதவை அவர் இரண்டரை அடி என்றார். கூடையோடு ஒருத்தி நுழைய மூன்றடி வேண்டும் என்றேன். மூன்றடி ஆயிற்று. அவருடைய நாற்காலி போய்விட்டது. அதற்கு அவர் முகம் சுளிக்காதது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம். சுவரோரமாகப் பதினைந்தடிக்கு ஒரு பெஞ்சு. அவர் அதை வாங்கு என்பார். பெண்கள் தரையில் உட்கார்ந்தால் ஈரம் ஏறுகிறது, வாங்கில் இருந்தால் இடமும் மிச்சம் என்றார். பத்துப் பேர் உட்காரலாம். பத்துப் பத்துப் பேராக, அரை மணி வித்தியாசத்தில் வருவதற்குக் கங்காணியிடம் அவரே போய்ப் பேசினார். கங்காணி ஒத்துக்கொண்டார். ஏன் ஒத்துக்கொண்டார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எட்டு நாளில் வேலை முடிந்தது. தரையிலிருந்து தகரம் வரை வலை. நான் அடித்த பெஞ்சு ஆடவில்லை. ராக்காயி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. மாதம் பிறக்க ஆறு நாள் இருந்தது. சாயந்திரம் மீனம்மாவிடம், "வந்து பாரு," என்றேன்.

"நாலு நாள் போகட்டும். மத்தவ புள்ளைங்க படுக்கட்டும். அப்புறம் பாக்குறேன்," என்றாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

முதல் நாள் பத்து மணிக்கு முதல் பத்துப் பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை மடியில் போட்டார்கள். அந்த நேரம் கீழே பட்டிப் பாதையில் கவ்வாத்து ஆட்கள், தேயிலைச் செடியை வெட்டிக் கட்டையாக்குகிறவர்கள், கத்தியும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதை மடுவத்தைவிடத் தாழ்வு. அங்கிருந்து பார்த்தால் பெஞ்சு நேரே தெரியும். நல்லமுத்து நின்றான்.

"என்னக்கா, கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள தேங்கா மிட்டாய் வச்ச மாதிரி வரிசையா வச்சிருக்காங்க."

"ஒங்க ஆத்தாளும் இந்த வரிசையிலதான்டா இருக்கா. கிட்ட வந்து பாரு," என்றாள் காளியாயி.

ஆட்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. ஒருத்தி எழுந்தாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். பிள்ளையோடு வெளியே போய், மடுவத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது கை நிறையப் பிள்ளை, கதவைத் திறக்க முடியாது. அதனால் ஒரு கூடையைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அடுத்த நாள் இரண்டு பேர் மட்டும் உள்ளேயே இருந்தார்கள். இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை அவிழ்த்து, வலையில் ஆணிக்கு ஆணி மாட்டி மறைத்துக்கொண்டார்கள். சாக்கிலிருந்து செடிப் பனித் தண்ணீர் பெஞ்சுக்கடியில் ஓடியது. மூன்றாம் நாள் எல்லாச் சாக்கும் வலையில் தொங்கியது. உள்ளே இருட்டு. கதவு மட்டும் திறந்தபடி, வெளிச்சத்துக்காக.

அப்போதுதான் டாக்டர் ஐயா வந்தார். பாலலுமாரி மேல் ஈ. கட்டிலில் ஈ. ராக்காயியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வேலை பாக்கிறீர்? உதுக்கோ துரையிட்டைக் கெஞ்சி வலை வாங்கினது? கதவு திறந்து கிடக்கு. சாக்குக் கட்டி வைச்சிருக்கிறியள். நாளைக்கும் உப்பிடிக் கண்டா நான் எழுதிக் குடுப்பன்."

ராக்காயி சாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றும்போது வலை ஓரிடத்தில் கிழிந்தது. அதையும் அவர் பார்த்தார்.

"ஐயா, அவள ஏசாதீங்க," என்றேன். "இவளுங்களுக்கு நல்லது செஞ்சா அப்படித்தான். பழக்கமில்ல. பெஞ்சுல ஒக்காரக் கூச்சம்."

"பெஞ்சுல கூச்சமில்ல."

சொன்னது மீனம்மா. பிள்ளையை நெஞ்சோடு சேலையில் கட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை. நேராக உள்ளே வந்து பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் கீழ பாதைக்குப் போங்க. போய் நின்னு இங்க பாருங்க," என்றாள்.

துரை வீட்டு ஆள் சொல்வதுபோல் சொன்னாள். டாக்டர் ஐயா போனார். அதனால் நானும் போனேன். பாதையில் நின்று திரும்பிப் பார்த்தோம். தலையிலிருந்து கால் வரை என் மகள் தெரிந்தாள். பின்னால் வெள்ளைச் சுவர். மேலே தகரத்துக்கடியில் நல்ல வெளிச்சம். டாக்டர் ஐயா சட்டென்று மாட்டுப்பட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் பார்க்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

மேலே ஏறி வந்ததும் அவள் என்னிடம்தான் பேசினாள்.

"அப்பா, நீங்க குச்சி அடிச்சீங்களே. அன்னிக்கு எல்லாரும் எந்தப் பக்கம் பாத்து ஒக்காந்திருந்தாங்க?"

யோசித்தேன். சுவரைப் பார்த்து. இருபது பேரும் பாதைக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். இடத்தை அளந்தேன், கூடையை அளந்தேன். பெஞ்சைச் சுவரில் சாய்த்துப் போட்டதும் அத்தனை பேரையும் நானே பாதைப் பக்கம் திருப்பிவிட்டேன். காகிதத்தில் கோடு போட்டவரும் அதைப் பார்க்கவில்லை, குச்சி அடித்தவனும் பார்க்கவில்லை.

"யாராவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல," என்றேன்.

"என்னன்னு சொல்றது? ஒங்ககிட்டயா? இவருகிட்டயா?"

ராக்காயி கிழிந்த வலையை விரலால் கோத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

மீனம்மா பெஞ்சில் இருந்தபடியே கையைக் கழுத்துக்கு நேராக நீட்டினாள். "இதுவரைக்கும் பலகை அடிங்க. தல தெரிஞ்சா பரவால்ல."

"அது செய்யேலாது பிள்ளை," என்றார் டாக்டர் ஐயா. "காத்து வரவேணும். கீழை அடைச்சா ஈரம் நிக்கும். பிள்ளையளுக்குச் சளி பிடிக்கும். வலை போட்டதே காத்து வாறதுக்குத்தான்."

"ஐயா, நான் ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளும்."

"ஒங்க வீட்டம்மா இந்தப் பெஞ்சுல வந்து ஒக்காருவாங்களா?"

நான் அவளை அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. அவர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், எழுத ஒன்றுமில்லாமல் மூடினார். முகம் சிவந்தாற்போல் இருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

"அடியிலை ஒரு அடி விட்டு அடியும்," என்றார் என்னிடம். "காத்து அதாலை வரட்டும்."

தொழிற்சாலையிலிருந்து உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகை பதினாறு வாங்கினேன். ஒவ்வொன்றும் இரண்டடிச் சதுரம். தரையிலிருந்து ஓரடி விட்டு, மூன்றடி உயரம் வரை, இஸ்தோப்பின் மூன்று பக்கமும் அடித்தேன். பலகையில் தோட்டத்துப் பெயரும் எண்ணும் இங்கிலீசில் கறுப்பு எழுத்தில் இருந்தன. சில தலைகீழாக அடிபட்டுவிட்டன. டாக்டர் ஐயா அதைத் திருப்பி அடிக்கச் சொன்னார். பிள்ளைகள் படிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.

மாதம் பிறந்தது. முதல் நாள் காலை ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால் மீனம்மா பூரணியைக் கொண்டுவந்தாள். தொட்டிலில் போட்டாள். தொட்டில் சேலையின் முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். ராக்காயியிடம் ஏதோ சொன்னாள். என்னைப் பார்க்காமல் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பத்து மணிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கவ்வாத்து ஆட்கள் பாதையில் போனார்கள். பலகைக்கு மேலே பத்துத் தலைகள்தான் தெரிந்தன. யாரும் நிற்கவில்லை. அவள் பால் கொடுத்தாள், பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள், ராக்காயியிடம் கொடுத்துவிட்டு மலைக்குப் போனாள்.

டாக்டர் ஐயா வந்தார். உள்ளே போய்க் கட்டில், மேசை, அலுமாரி எல்லாம் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார்.

"பார்த்தீரோ மூக்கன். ஈ ஒண்டும் இல்லை."

நானும் பார்த்தேன். அலுமாரி விளிம்பில் ஒன்று உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. விரலால் காட்டினேன்.

"அது நேத்தே உள்ள வந்ததுங்க," என்றாள் ராக்காயி அவசரமாக. "பலகை அடிக்கிறப்ப."

"ஒண்டு தானே," என்றார் அவர்.

"வெளிய இருந்தா பறந்து வேற எங்கயாச்சும் போயிருக்கும்," என்றேன். "இப்ப வலை போட்டாச்சு. அது எப்படிப் போகும்? இங்கேதான் இருக்கும். புள்ளைங்களோட."

"அடிச்சுப் போட்டா முடிஞ்சுது."

ராக்காயி துணியால் ஓங்கி அடித்தாள். ஈ எழும்பித் தகரத்துக்கடியில் போய் உட்கார்ந்தது. அவர் சிரித்தார். இந்த மாதம் வயிற்றோட்டம் ஒன்றுகூட வராது, எழுதி வைத்துக்கொள்ளும் என்றார். எனக்கு எழுதத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

போன வருஷமும் மழைக்கு முன்னால் ஒன்றும் வரவில்லைதான். மழை வரட்டும் என்று சொன்னேன். உளியையும் சுத்தியலையும் சாக்கில் சுற்றிக்கொண்டேன். கல் கட்டிய கதவு எனக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. தொழிற்சாலையில் ஒரு ஜன்னல் சட்டம் உளுத்துப்போய்க் கிடந்தது. அந்தப் பக்கம் நடந்தேன்.